எது அசல் ஹெரால்டு?



நம் பகுதியை நெடுநாளாகப் படித்துவரும் நெய்வேலி அன்பர் ஒருவர், "எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடக்கிறது; தாங்கள் ஒருமுறை வந்து கேட்க வேண்டும்" என்று மடல் எழுதியிருந்தார். பாகப்பிரிவினையில் மூக்கை நுழைத்து மீண்டவர் யாரும் இலர் என்ற அச்சத்தோடுதான் சென்றேன். சொத்து வழக்குத்தான், ஆனால் சொத்து நிலமோ வீடோ அன்று. நகரியத்துக்கு வெளியே, இந்திரா நகரில் அவர்கள் கட்டிக்கொண்ட வீட்டின் பக்கவாட்டில், கீற்றுக் கொட்டகையின் கீழ், தார்ப்பாய் போர்த்தி நின்றிருந்த ஒரு மோட்டார் வண்டி. 1967-இல் பதிவான, இரண்டே கதவுகள் கொண்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

வண்டியை வாங்கியவர் இவர்களுடைய தந்தை. 1962-இல் முதல் மின்னாக்கி ஓடத் தொடங்கிய நாளிலேயே அனல்மின் நிலையத்தில் சேர்ந்தவர். 1976-இல் கடலூர் வழக்கறிஞர் ஒருவரிடமிருந்து ஒன்பது ஆண்டு ஓடிய வண்டியாக இதை வாங்கினார். நெய்வேலியின் அகன்ற நிழற்சாலைகளில் அந்நாளில் மிதிவண்டிகளே மிகுதி. ஸ்கூட்டர் வைத்திருந்தவர் வசதிக்காரர். ஆதலால் அந்த வட்டம் முழுமைக்கும் இந்த ஹெரால்டு பொதுச் சொத்தாயிற்று. நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணும் இதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மணப்பெண்ணும் இதில்தான் கோவிலுக்கு வந்திறங்கினாள். 1994-இல் ஓய்வு பெற்று, குடியிருப்பைத் திருப்பி ஒப்படைத்த நாளில், தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, வண்டியைத் தாமே ஓட்டிவந்து இந்தக் கொட்டகையில் நிறுத்தினார். 2019-இல் இறைவனில் துயில் கொண்டார். அதன்பின் வண்டி ஓடவில்லை.

மக்கள் இருவர். மூத்தவர் சுரங்கத்தில் பணியாற்றி அண்மையில் ஓய்வு பெற்றவர். இளையவர் பெங்களூரில் பொறியாளர். வண்டியை விற்பதில்லை என்பதில் இருவரும் ஒன்று. ஓட்ட வேண்டும் என்பதிலும் ஒன்று. எப்படி ஓட்டுவது என்பதில்தான் பேச்சுவார்த்தை முறிந்து, தீபாவளிக்கும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் இடையே தொலைபேசிகூட இல்லாமற் போயிற்று.

மூத்தவருடைய கட்சி இது: தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே ஆக்க வேண்டும். வண்ணம், இருக்கை, விளக்கு, திருகாணி வரை. ஒன்றும் கூடாது, ஒன்றும் குறையக் கூடாது.

இளையவருடைய கட்சி: பழைய எஞ்சினைக் கழற்றி மாருதி ஆம்னியின் எஞ்சினைப் பொருத்துவது. உடன் குளிர்சாதனம், அகலச் சக்கரம், முன்பக்கம் டிஸ்க் பிரேக். "வேளாங்கண்ணிக்கு ஒரே மூச்சில் போய்வர வேண்டாமா சார்? காட்சிப் பொருளாக வைக்கவா அப்பா வாங்கினார்?" என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, "அண்ணே, இது ஸ்போர்ட்ஸ் கார் வம்சம். வம்சத்துக்குத் தகுந்த மாதிரி ஓட வேண்டும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

வம்சப் பெருமை பொய்யன்று. இங்கிலாந்தில் டிரையம்ப் நிறுவனம் 1959-இல் வெளியிட்ட ஹெரால்டுக்கு உருவம் வரைந்தவர் இத்தாலியின் துரின் நகரத்து ஜியோவன்னி மிச்செலொட்டி. அடியில் தனிச் சட்டம். அதன்மேல் மேற்கூடு துண்டு துண்டாகத் திருகாணிகளால் பிணைக்கப்பட்டிருக்கும். முன்புற மூடியைச் சக்கர மறைப்புகளோடு சேர்த்து அப்படியே முன்பக்கம் கவிழ்த்துவிடலாம். எஞ்சினைச் சுற்றி நின்றே வேலை செய்யலாம். இருபத்தைந்தடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். இதே சட்டத்தின் நீளத்தைக் குறைத்து, மேலே இருவர் மட்டும் அமரும் திறந்த கூட்டை வைத்து, 1962-இல் அதே நிறுவனம் வெளியிட்டதுதான் ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். 1980 வரை அது உற்பத்தியாயிற்று. நம் நாட்டில் ஸ்பிட்ஃபயர் செய்யப்படவில்லை. எனவே அறுபது எழுபதுகளில் ஸ்போர்ட்ஸ் கார் ஆசை கொண்ட தமிழ் இளைஞனுக்கு எட்டிய மிக நெருங்கிய உறவு, தாம்பரத்துக்கு அப்பால் செய்யப்பட்ட இந்த இரு கதவு ஹெரால்டுதான்.

மூத்தவரிடம் நான் கேட்ட முதற் கேள்வி: எந்த அசல்?

அவர் திகைத்தார். கேள்வி குதர்க்கமாகத் தோன்றலாம். ஆனால் ஹெரால்டின் வரலாற்றை அறிந்தோர் அப்படிக் கருதமாட்டார்கள். சென்னையில் 1948-இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், முதலில் வான்கார்டு வண்டிகளைச் செய்து, 1961-இல் ஹெரால்டுக்கு வந்தது. இங்கிலாந்தில் எஞ்சின் 948 கன சென்டிமீட்டரிலிருந்து 1147-க்கும் பிறகு 1296-க்கும் வளர்ந்தது; இங்கோ 948-இலேயே நின்றது. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம் அது. உறுப்புகளை ஒவ்வொன்றாக உள்நாட்டிலேயே செய்தாக வேண்டும். ஆகவே 1962-இன் வண்டிக்கும் 1967-இன் வண்டிக்கும் உள்ளே பல வேறுபாடுகள். அறுபதுகளின் பிற்பகுதியில் நம் குடும்பங்களின் அளவைக் கருதியோ என்னவோ, நான்கு கதவுகள் வைத்த ஹெரால்டைச் சென்னையில் செய்தார்கள். பிறந்த நாட்டிலேயே அப்படி ஒரு ஹெரால்டு கிடையாது. எழுபதுகளில் அதற்குக் கெஸல் என்று பெயர் மாற்றி, முகத்தை மாற்றி, பின் அச்சையே மாற்றினார்கள்.

அந்தப் பின் அச்சைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மற்ற வண்டிகளில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே உறுதியான அச்சில் இருக்கும். ஹெரால்டிலோ நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டியிலிருந்து இரு பக்கமும் இரண்டு கைகள் போல அச்சுகள் ஊசலாடும். குறுக்கே போட்ட ஒற்றை வில்பட்டை இரண்டையும் தாங்கும். மேடு பள்ளத்தில் சுகம். ஆனால் வளைவில் வேகமாகத் திரும்பிக்கொண்டிருக்கையில் ஓட்டுபவர் அஞ்சிச் சட்டென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வெளிப்பக்கச் சக்கரம் வண்டியின் அடியை நோக்கி மடங்கும். பின்புறம் எழும்பி, வண்டி தடம் புரளும். ஸ்பிட்ஃபயருக்கும் இதே குறை இருந்தது. 1970-இல் வந்த நான்காம் வரிசை ஸ்பிட்ஃபயரில், வில்பட்டையின் நடுப்பகுதி தானும் அசையும்படி அமைத்து அக்குறையைப் பெரிதும் போக்கினார்கள். சென்னைக்காரர்களோ ஊசல் அச்சையே எடுத்துவிட்டு, எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கக்கூடிய உறுதி அச்சைக் கெஸலில் வைத்தார்கள்.

ஆகவே செய்தவர்களே ஓயாமல் மாற்றிக்கொண்டிருந்த ஒரு பொருளில், ஏதோ ஒரு நாளைப் பிடித்து நிறுத்தி, "இதுவே அசல்" என்பது எளிதன்று. மூத்தவர் சிறிது நேரம் பேசாமலிருந்து, "எங்கள் வண்டி வெளிவந்த நாள்தான் எங்களுக்கு அசல்" என்றார். அது நேர்மையான மறுமொழி. இருக்கட்டும்.

இங்கிலாந்தில் நீதிமன்றமே இக்கேள்வியை ஆராய நேர்ந்தது. 'பழைய முதல் எண்' என்று செல்லமாக அழைக்கப்பட்ட ஒரு பென்ட்லி, பிரான்சில் லெமான் நகரின் இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தில் 1929-இலும் 1930-இலும் வென்றது. பின்னர் அதன் எஞ்சின் மாறியது. 1932-இல் புரூக்லாண்ட்ஸ் தடத்தில் அது விபத்துக்குள்ளாகி, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்தார். மீண்டும் கட்டி, மேலே வேறு கூடு வைத்தார்கள். 1990-இல் அதை ஒரு கோடிப் பவுனுக்கு விற்க ஒப்பந்தமாயிற்று. வாங்க இசைந்த நிறுவனம், "லெமானில் வென்ற வண்டியின் உறுப்புகள் இதில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லையே, இது எப்படி அவ்வண்டி ஆகும்?" என்று பணம் தர மறுத்தது. நீதிபதி ஆட்டன் உறுப்புகளை எண்ணிப் பார்த்தார். 1929-இன் உறுப்புகள் அநேகமாக இல்லை என்பதை ஒப்புக்கொண்டார். ஆயினும், ஒவ்வொரு மாற்றமும் அந்த ஒரே வண்டிக்கு, இடைமுறியாத தொடர்ச்சியில் நிகழ்ந்தது. அதே பெயரில் வேறொரு வண்டி எங்கும் இல்லை. ஆதலின் இதுவே அது என்று தீர்ப்பளித்தார். பணத்தைக் கொடுத்தாக வேண்டியதாயிற்று.

இளையவர் முகம் மலர்ந்தது. "பாருங்கள் அண்ணே! எஞ்சின் மாறினாலும் வண்டி அதேதான்" என்றார். நான் அவசரப்பட வேண்டாம் என்றேன். பென்ட்லியின் எஞ்சின் அது பந்தயத்தில் ஓடிய நாளிலேயே, அதன் வாழ்க்கையின் ஓர் அத்தியாயமாக மாறியது. நம்முடைய சோழவரத்தையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். உலகப் போரின்போது அமைந்த விமானத் தளம் அது. சென்னை மோட்டார் பந்தயச் சங்கத்தார் பல ஆண்டுகள் அங்கே பந்தயம் நடத்தினார்கள். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் அமையும்வரை தென்னாட்டின் வேகமெல்லாம் அந்த ஓடுபாதையில்தான். ஹெரால்டுகளும் ஃபியட்டுகளும் எஞ்சின் தலையைச் சீவி, கார்புரேட்டரை இரட்டித்து, இருக்கைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு அங்கே ஓடின. அப்படி அன்று மாற்றிய ஹெரால்டு ஒன்று இன்று எங்காவது கிடைத்தால், அதைப் பழையபடி ஆக்குவதே தவறு. அந்த மாற்றமே அதன் வரலாறு. ஆனால் இன்று நாம் ஆசைப்பட்டு வைக்கும் எஞ்சின் எந்தப் பந்தயத்தின் நினைவு?

அதோடு ஆம்னி எஞ்சினால் ஆகப்போவது என்ன என்பதையும் கணக்கிட்டோம். 800 வண்டியின் எஞ்சின் குறுக்கே கிடந்து முன் சக்கரங்களை ஓட்டுவது. ஆம்னியில் அதே எஞ்சின் நெடுக்கே அமர்ந்து பின் சக்கரங்களை ஓட்டுகிறது. அதனால்தான் பழைய வண்டிக்காரர்களுக்கு அதன்மேல் கண். ஆனால் 796 கன சென்டிமீட்டரில் அது தருவது சுமார் முப்பத்தைந்து குதிரைத்திறன். 948 ஹெரால்டு தருவதும் ஏறத்தாழ அதுவே. இழுவிசையில் ஹெரால்டே சற்று மேல். ஆக, சட்டத்திலுள்ள எஞ்சின் தாங்கிகளை அறுத்து, புதியவற்றை வெல்டிங் வைத்து, திரும்ப ஒட்ட முடியாதபடி வெட்டிய பிறகு, கிடைக்கும் வேகம் பழைய வேகமே. பொறியாளரான இளையவர் இதை ஒரு தாளில் தாமே கூட்டிப் பார்த்துவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சட்டமும் அவருக்குத் துணை நிற்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் கண்ட விவரம் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. எரிபொருள் வகையை மாற்றுவது போன்ற சிலவற்றை மட்டும் உரிய முறையில் செய்யலாம். 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. பின்னர் 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி செய்தது. முதற்பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்து, சட்டத்திலோ கூட்டிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்யப்படாதவை 'வின்டேஜ்' வண்டிகள். பதிவுக் கட்டணம் இருபதாயிரம் ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும், எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஆனால் நாள்தோறும் ஓட்டலாகாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் எரிபொருள் நிரப்பவும் பழுது பார்க்கவும் ஓட்டலாம். வேளாங்கண்ணிக் கனவு இங்கே சற்று ஒடுங்குகிறது என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

இப்போது மூத்தவர் முகம் மலர வேண்டிய முறை. அவரையும் விடவில்லை. அணுவளவும் மாறாமல் காப்பது என்பது இன்று இயலாத காரியம். 1967-இல் அந்த எஞ்சின் குடித்தது ஈயம் கலந்த பெட்ரோல். 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நாடெங்கும் ஈயம் நின்றது. புகை வெளியேறும் வால்வு உட்காரும் இடம் தேயாமல் காத்தது அந்த ஈயமே. இனி அவ்விடத்தில் கெட்டிப்படுத்திய இரும்பு வளையம் பதிக்க வேண்டும். 2025-இல் எங்கும் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. அது பழைய ரப்பர் குழாய்களைக் கரைத்து இளக்கிவிடும். அசல் குழாய் வேண்டுமென்று அடம் பிடித்தால் அசலாகவே தீப்பற்றும். பிரேக்கின் கதையும் அப்படித்தான். நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. எங்காவது ஒரு குழாய் கசிந்தால் நான்கும் போயிற்று. பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் அரசுப் பேருந்துகளுக்கு நடுவே போகிறவர், இரட்டைச் சுற்றுப் பிரேக் வைப்பதை யாரும் குற்றம் சொல்லார்.

வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். இது மாற்றம் பற்றியதன்று, பழைய முறையை மறந்துபோனதன் விளைவு. ஹெரால்டின் முன் சக்கரம் ஒவ்வொன்றும், திருகு மரை வெட்டிய ஒரு வெண்கல முட்டின்மேல் திரும்புகிறது. மெக்கானிக்குகள் ட்ரன்னியன் என்பார்கள். அதற்குக் கனமான கியர் எண்ணெய்தான் இட வேண்டும். முனையில் கிரீஸ் நிப்பிள் போன்ற ஒன்று தெரிவதால், நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் கைப்பழக்கமாகக் கிரீஸை அழுத்திவிடுகிறார்கள். கிரீஸ் உள்ளே மரையின் அடிவரை செல்லாது; நீர் புகுந்து துரு ஏறும்; ஒருநாள் முட்டில் இறங்கும் எஃகுத் தண்டு முறிந்து சக்கரம் சாய்ந்து மடங்கும். என் இளமையில் நண்பர் ஒருவருடைய ஹெரால்டில் திண்டிவனம் அருகே இது நேர்ந்தது. நல்லவேளை, மெதுவாகச் சென்றுகொண்டிருந்தோம். முந்திய வாரம்தான் ஓர் ஒர்க்‌ஷாப்பில் 'முழுச் சர்வீஸ்' செய்து வந்த வண்டி அது! அசலா மாற்றமா என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடுவோர் பலர் இந்த எண்ணெயை ஒருமுறைகூட ஊற்றியிருக்கமாட்டார்கள்.

நெய்வேலியில் பிறந்தோருக்கு மாற்றம் என்பது புதிதன்று. சுரங்கத்தில் ஓடும் ஜெர்மனி நாட்டு வாளிச்சக்கர இயந்திரங்கள் பழுப்பு நிலக்கரியின்மேல் மூடிக் கிடந்த கடலூர் மணற்பாறையில் பல் பதித்தபோது, பற்கள் விரைந்து தேய்ந்தன. பற்களைக் கெட்டிப்படுத்தியும், பாறையை வெடிவைத்துத் தளர்த்தியும்தான் வேலை நடந்தது. அங்கே அசலைக் காப்பேன் என்று நின்றிருந்தால் கரியே வந்திராது. மூத்தவர் தம் வாழ்நாளெல்லாம் அந்த இயந்திரங்களோடு உழைத்தவர். "சுரங்கத்தில் மாற்றாத நாளே இல்லை சார். ஆனால் அது வேலை செய்யும் மெஷின். இது அப்பா" என்றார்.

இந்தச் சொல்லுக்குப் பிறகுதான் வண்டியின் கதவைத் திறந்து உள்ளே பார்த்தோம்.

ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை ஹெரால்டின் இருக்கையன்று. மரச் சட்டத்தில் தேங்காய் நார் திணித்து, முதுகு நிமிர்ந்து அமரும்படி யாரோ கையால் செய்தது. முன்புற மூடியின் மேல் வெப்பம் வெளியேற ஆறு நீள வெட்டுகள். அளவுகாட்டிகளின் பக்கத்தில் கூடுதலாக ஒரு வெப்பமானி. மூத்தவர் திட்டப்படி இவையெல்லாம் போக வேண்டும்; அசலில் இவை இல்லை. இளையவர் திட்டப்படியும் போக வேண்டும். புதிய எஞ்சினுக்கும் புதிய இருக்கைக்கும் இவை ஒவ்வா. இரண்டு கட்சிக்கும் ஒரே முடிவு என்பதை அதுவரை இருவரும் கவனிக்கவில்லை. வாசலில் நாற்காலியிட்டு அமர்ந்திருந்த அவர்களுடைய அன்னை, "அந்த சீட்டு எனக்குப் பண்ணினது. ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் இடுப்பு நிக்கலை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

(பழைய கோவில்களில் மரப் பீடங்களை அகற்றிவிட்டுப் பளபளவென்று கிரானைட் பதிப்பதைப் பற்றி எனக்குச் சில சொற்கள் உண்டு. அதை வேறொரு மாதம் வைத்துக்கொள்வோம். பங்குத் தந்தையர் பலர் இப்பகுதியைப் படிக்கிறார்கள்.)

அன்னை உள்ளே சென்று ஒரு நீண்ட கட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். மின் நிலையத்தில் ஒவ்வொரு ஷிஃப்டும் எழுதிவைக்கும் பதிவேட்டைப் போலவே கோடு போட்டு, தந்தை இவ்வண்டிக்கு ஒரு பதிவேடு வைத்திருந்தார். நாள், ஓடிய தூரம், செய்த வேலை, காரணம், கழற்றிய பொருள் எங்கே இருக்கிறது. முன் முட்டுக்கு எண்ணெய் இட்ட நாள்கள் தவறாமல் இருந்தன; கிரீஸ் அன்று, எண்ணெய். பக்கத்து இருக்கை மாற்றத்துக்கு எதிரே, 'பழையது பரணில்' என்று எழுதியிருந்தது. மூடியில் வெட்டிய ஆறு வெட்டுகளுக்கு எதிரே சில ஆண்டுகளுக்குப் பிறகு வேறு மையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'இது தவறு. ரேடியேட்டரில் சுண்ணாம்பு அடைப்பு. வெட்டியிருக்க வேண்டாம்.'

பழைய வண்டிகளின் சங்கங்களுக்கெல்லாம் உலக அளவில் தலைமையான கூட்டமைப்பு 1966-இல் தோன்றியது. அது கட்டடங்களைக் காக்க 1964-இல் வெனிஸ் நகரில் எழுதப்பட்ட சாசனத்தைப் பின்பற்றி, அண்மைக் காலத்தில் வண்டிகளுக்கென்று துரின் சாசனம் ஒன்றை ஏற்றிருக்கிறது. தேவையான மாற்றத்தை மட்டும் செய்க. கூடுமானவரை திருப்பிக் கழற்றக்கூடியதாகச் செய்க. செய்ததை எழுதி வைக்க. எடுத்த உறுப்பை வண்டியோடு காக்க. சுருங்கச் சொன்னால் இவைதாம் அதன் நெறிகள். ஹெரால்டைத் தந்த அதே துரின் நகரின் பெயரால் இவை வந்தது ஒரு விந்தை. நெய்வேலியின் குடியிருப்பு ஒன்றில் அனல்மின் நிலையத் தொழிலாளி ஒருவர் 1970-களிலேயே இதைச் செய்து வந்திருக்கிறார். தாம் செய்த தவற்றையும் எழுதியிருக்கிறார். அவர் வேலை செய்த அந்த முதல் அனல்மின் நிலையம், 600 மெகாவாட் தந்துகொண்டிருந்தது, 2020 செப்டம்பர் இறுதியோடு ஓய்ந்துவிட்டது.

பரணில் ஏறினோம். ஹெரால்டின் இருக்கை சாக்கில் சுற்றி அங்கே இருந்தது. எலி கடித்திருந்தாலும் சட்டம் நேராக இருந்தது. மூத்தவர் அதைத் துடைத்துவிட்டுச் சிறிது நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு மீண்டும் சாக்கைச் சுற்றி வைத்தார்.

அன்று மாலை என் கருத்தையும் கேட்டார்கள், கேட்டதால் சொன்னேன். எஞ்சின் அதுவே இருக்கட்டும். வால்வுக்கு வளையம் பதியுங்கள். குழாய்கள் புதிது. பிரேக் இரட்டைச் சுற்று. இருக்கைப் பட்டைகள் வேண்டும், தந்தை வைக்காவிட்டாலும். குளிர்சாதனத்தை மறந்துவிடுங்கள். வண்ணத்தை முழுதும் சுரண்டாமல், துரு ஏறிய இடத்தை மட்டும் பாருங்கள். மூடியின் வெட்டுகளை அடைக்க வேண்டாம். இந்தக் கடைசிக் கருத்தை மூத்தவர் இன்னும் ஏற்கவில்லை. ஆறு வெட்டுகளும் கூட்டில் செய்த மாற்றம்தானே, வின்டேஜ் பதிவுக்குத் தடையாகுமோ என்று கவலைப்படுகிறார். பெருமாற்றம் என்று எதைக் கொள்வது என்பதைப் பதிவுக் குழுதான் பார்த்துச் சொல்ல வேண்டும். விண்ணப்பம் போயிருக்கிறது, மறுமொழி வரவில்லை.

இம்மடலை எழுதும் நேரத்தில் இளையவரிடமிருந்து ஒரு படம் வந்தது. பதிவேட்டின் அடுத்த பக்கம். தந்தையின் கோட்டின் கீழேயே, வேறொரு கையெழுத்தில், அதே ஐந்து கட்டங்களை நிரப்பியிருந்தார்: பிரேக், இரட்டைச் சுற்று. காரணம்: பிள்ளைகள். கழற்றிய மாஸ்டர் சிலிண்டர்: பரணில், இருக்கைக்குப் பக்கத்தில்.